எங்கள் ரோட்டுக்கு சிக்னல் வந்த விவரம்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் வீட்டுக்காரி, உங்கள் மாப்பிள்ளை மூவரும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேனே தவிர, உண்மையைச் சொன்னால் இங்கே ஒன்றும் சுகமில்லை. உங்கள் மாப்பிள்ளை ஐந்து மாதமாக ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறான், அறைக்குள் போனால் குழந்தையின் பொம்மை எல்லாம் தன்னையே பார்க்கிறதாம். என் வீட்டுக்காரி இன்னமும் சாப்பாட்டுக்கு ஐந்து தட்டு எடுத்து வைக்கிறாள், பிறகு இரண்டைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். தங்களுக்குப் பதினோரு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. நான் தங்கள் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன். ஆகையால்தான் இந்தக் கடிதம்.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னல் வந்துவிட்டது! அதாவது, தீர்மானம் நிறைவேறிவிட்டது, எங்கள் வீட்டு முனையில் கம்பம் நடக் குழியும் தோண்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மருமகளைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, "அங்க ஒரு சிக்னல் வரட்டும், அப்புறம் என் பொண்ணு வருவா. நீங்க மெம்பரா இருந்தா எனக்கென்ன, மந்திரியா இருந்தா எனக்கென்ன?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு இப்போதுதான் நிமிர்ந்து நின்று பதில் எழுதுகிறேன். மருமகளையும் குழந்தையையும் அனுப்பி வையுங்கள்.

தாமதம் ஏன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நகர மன்றத்தின் சுற்றுச்சூழல் மற்றும் போக்குவரத்துத் திட்ட மேற்பார்வைக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாக ஆறு வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். தங்கள் வீட்டில் பெண் எடுத்தபோது கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே இதை முழுசாக இரண்டு வரி போடச் சொன்னேன். இடம் போதாது என்று அச்சகத்துக்காரர் கையை விரித்தார். கல்யாண நேரத்தைச் சின்ன எழுத்தில் போடுங்கள் என்றேன். தங்கள் பக்கத்து உறவுக்காரர்கள் பாதிப் பேர் எல்லாம் முடிந்த பிறகு வந்து இறங்கியதற்கு அதுதான் காரணம், இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? இப்படிப்பட்ட பெரிய மனிதர் வீட்டு வாசலில் ஒரு ரோடு இருக்கிறது, அதில் கல்குவாரி லாரிகள் போகின்றன, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம், மருமகள் தினமும் அதைக் கடந்துதான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் ஆறு வருடம் என்ன கிழித்தேன் என்று தாங்கள் கேட்காமல் விட்டதே தங்கள் பெருந்தன்மை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை சம்பந்தி. வருடத்துக்கு இரண்டு தடவை நேரில் போய் ஆய்வு செய்தோம். ஆய்வு என்றால் எப்படி என்று சொல்கிறேன். உறுப்பினர்கள் ரோட்டில் இறங்குவதால் அவர்கள் பாதுகாப்புக்காக இரண்டு முனையிலும் போலீஸ்காரர் நின்று லாரிகளை நிறுத்திவிடுவார். தூசி பட்டு உடுப்பு கெட்டுவிடக் கூடாது என்று காலையிலேயே தண்ணீர் வண்டி வந்து ரோட்டைக் கழுவிவிட்டுப் போகும். பிறகு நாங்கள் பத்துப் பேர் நடு ரோட்டில் நின்று தூசி அளக்கும் கருவியைப் பார்ப்போம். எங்கள் பொறியாளர் எதற்கெடுத்தாலும் "ஆவன செய்கிறோம்" என்பார், அதனால் அவருக்கு ஆவன என்றே பெயர் வைத்துவிட்டோம். அந்த ஆவன கருவியைப் பார்த்து, "மலை மேல நிக்கிற மாதிரி காத்து சார்!" என்று பூரித்துப் போவார். வாகன எண்ணிக்கை என்ற கட்டத்தில் சைபர் என்று எழுதுவார். கீழே நான் கையெழுத்துப் போடுவேன். நான்கு தடவை போட்டேன். ஐந்தாவது தடவை எனக்கே வெட்கமாகி, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும், திடீர் ஆய்வு வேண்டும் என்று சண்டை பிடித்தேன். குழுத் தலைவியம்மா ஒப்புக்கொண்டார். திடீர் ஆய்வுக்கு ஏழு நாள் முன்னதாக எல்லாத் துறைக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று விதி இருந்ததால் அனுப்பினார்கள். நாங்கள் திடீரென்று போய் இறங்கியபோது ரோடு ஈரமாக இருந்தது.

சரி, இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று நானே நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதியவன் நான், தேதியும் நேரமும் போடாமல் எனக்கு எழுத வராது. முனையில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர், தாங்கள் பார்த்திருப்பீர்கள், மீசைக்காரர், அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆறிலிருந்து பத்துக்குள் முந்நூற்றுப் பதினெட்டு லாரி எண்ணினேன். அவர் பாட்டுக்கு ஒரு சிவப்புத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்ததும் நடு ரோட்டில் போய் நிற்பார், லாரி நிற்கும், எல்லாரும் கடப்பார்கள், இவர் திரும்பி வந்து டயரைக் கழற்றுவார். "சார், நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, நான் நிறுத்திக்கிட்டே இருக்கேன்" என்பார். கேலிதான். எனக்குக் கோபம் வரவில்லை. என் எண்ணிக்கையைக் குழுவில் வைத்தேன், எண்ணியவர் அங்கீகரிக்கப்பட்ட எண்ணுநர் அல்லர் என்று ஒரு குறிப்பு எழுதி எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்த விதி. இதைத் தங்களிடம் சொல்லாமலே போயிருக்கலாம், ஆனால் மனசு அடித்துக்கொள்கிறது. சிக்னல் வைக்க வேண்டுமானால் ஒரே இடத்தில் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று உயிரிழப்பு நடந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தைத் தீர்மானம் நிறைவேறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். முதலில் ஐந்து என்றுதான் எழுதியிருந்தார்கள். ஐந்தா, மனிதர்கள் என்ன கோழியா ஆடா என்று மேஜையைத் தட்டி, பாடுபட்டு அதை மூன்றாகக் குறைத்தவன் நான். எல்லாரும் கைதட்டினார்கள், நான் எழுந்து கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னபோது அவள், "அந்த மூணு பேர் யாரு மாமா?" என்று கேட்டாள். நான் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன்.

போன வருடம் இதே மாதம் பன்னிரண்டாம் தேதி ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர் போனார். அதற்கு நான்கு மாதம் கழித்து எதிர்த் தெருத் தையல்கார அம்மா. இரண்டு. அதற்கப்புறம்தான் நம் மருமகள். அன்றைக்குப் பஞ்சர் கடைக்காரர் டியூப் வாங்கப் போயிருந்தார், அரை மணி நேரம்தான். திரும்பி வந்து பார்த்தவர் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு, காலைத் தன் மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிவரை வந்தார். அவள் காலில் இரண்டு இடத்தில் கம்பி வைத்ததும், குழந்தை அம்மாவைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றதும் தங்களுக்குத் தெரியும். தங்களுக்குத் தெரியாதது, அந்த வாரக் கூட்டத்தில் ஆவன என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னது. "மருமக பொழைச்சதுல எங்க எல்லாருக்கும் சந்தோஷம் சார். ஆனா விதியில உயிரிழப்புன்னுதான் இருக்கு. கால் முறிவெல்லாம் கணக்குல வராது. ரெண்டு ஆயிடுச்சு, மூணாவது…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன் சம்பந்தி. அந்தத் தண்ணீரை அவர் மூஞ்சியில் ஊற்றாமல் குடித்துவிட்டு, போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இந்த மாதம் மூன்றாம் தேதி, பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது பஞ்சர் கடைக்காரரை லாரி அடித்துவிட்டது. காலை எட்டு நாற்பது. பிள்ளைகளோடு கடந்திருந்தால் லாரி நின்றிருக்கும், தனியாக வருகிறவருக்கு எதற்கு நிற்க வேண்டும் என்று லாரிக்காரன் நினைத்தானோ என்னவோ. சிவப்புத் துணி மட்டும் கிழியாமல் கிடந்தது. நான் எடுத்து வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, ஆனால் சொல்ல வந்தது சிக்னல் விஷயம் என்பதால் அதற்கு வருகிறேன்.

பத்தாம் தேதி கூட்டம். முதல் பொருளே எங்கள் ரோட்டு சிக்னல்தான், மூன்று ஆகிவிட்டதல்லவா, ஆவன ஃபைலைத் தயாராகவே வைத்திருந்தார். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதர் செத்து ஏழு நாள் ஆகிறது, அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் சாவை வைத்துத் தீர்மானம் போடுவதா? எழுந்தேன். முதலில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றேன். ஆறு வருடத்தில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதே இல்லை. நாங்கள் பத்துப் பேர் செய்யாத வேலையை ஒரு துணியை வைத்து அவர் ஒருவர் செய்தார் என்றேன், தலைவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் எல்லாரும் எழுந்து நின்றோம். இரங்கல் தீர்மானம் போட்டால் அன்றைக்கு வேறு அலுவல் எதையும் எடுக்காமல் கூட்டத்தை ஒத்திவைப்பது எங்கள் மன்ற வழக்கம். ஆவன மட்டும், "சார், ஃபைல முடிச்சுட்டு அப்புறம் இரங்கல் வச்சுக்கலாமே" என்று காதில் முணுமுணுத்தார். "மனுஷனாய்யா நீ?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். ஒரு வாரம் தள்ளிப் பதினேழாம் தேதி கூடினோம், சிக்னலுக்கு ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தோம், மறுநாளே குழி தோண்ட ஆள் வந்துவிட்டது.

இதுதான் விவரம். ஆகவே பழசை எல்லாம் மறந்து பெண்ணை அனுப்பி வைக்க வேண்டுகிறேன். அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. மருமகள் படி ஏறக் கஷ்டப்படக் கூடாது என்று வாசலில் கைப்பிடி வைத்திருக்கிறோம். பேத்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் அத்தனை பெரிய லாரியும் அவளுக்காக நிற்கும் என்று சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். வீட்டில் எல்லாரும் நீண்ட நாள் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். தங்கள் வரவை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கிறேன்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நான்கு நாளாக இந்தக் கடிதம் மேஜையில் கிடந்தது. தபாலில் போடப் புறப்பட்ட அன்றைக்குக் குழுவின் பியூன் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார். முதல் உயிரிழப்பு நிகழ்ந்த நாளுக்கும் தீர்மானம் நிறைவேறிய நாளுக்கும் இடையே பன்னிரண்டு மாதமும் ஐந்து நாளும் ஆகிவிட்டபடியால் அந்த உயிரிழப்பு விதியின் கீழ் செல்லாதாம். எஞ்சியவை இரண்டு, தீர்மானம் ரத்து. தபால்காரர் போனது பன்னிரண்டாம் தேதி. பத்தாம் தேதியே ஒப்புதல் கொடுத்திருந்தால் செல்லுபடியாகியிருக்கும். அன்றைக்குக் கூட்டத்தை ஒத்திவைக்க வைத்தது நான். தேதி போடாமல் எழுத வராதவன், அந்த ஒரு தேதியை எண்ணிப் பார்க்கவில்லை. மத்தியானம் ஆள் வந்து குழியை மூடிவிட்டுப் போனது. ஆவனவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், "விடுங்க சார்" என்றார்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். மூன்று நாளாகக் காலையிலும் மாலையிலும் அந்தச் சிவப்புத் துணியோடு முனையில் நிற்கிறேன், என் வீட்டுக்காரி வாசலில் நின்று என்னைத் திட்டிக்கொண்டே பார்க்கிறாள். லாரிகள் பெரும்பாலும் நிற்கின்றன. நேற்று ஆவன அந்த வழியே ஜீப்பில் வந்தார். இறங்கி, நான் நிற்கும் இடத்துக்கும் பஞ்சர் கடைக்காரர் விழுந்த இடத்துக்கும் நடுவில் காலடி வைத்து அளந்து பார்த்தார். "கொஞ்சம் இப்படி தள்ளி நில்லுங்க சார், ஒரே இடமா இருந்தாத்தான் விதி பொருந்தும்" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது, பாவம், ஜீப்பில் ஏறாமல் நெடுநேரம் என் பக்கத்திலேயே நின்றார்.

பெண்ணை அனுப்ப வேண்டாம் சம்பந்தி. பேத்தி கேட்டால் தாத்தா பழையபடி டிப்போவுக்கு வேலைக்குப் போகிறார் என்று சொல்லிவிடுங்கள்.