கம்பத்துக்கு ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்

ஐந்து ஆண்டுகள் என் கால்களைப் பற்றி நான் மிக உயர்ந்த அபிப்பிராயம் வைத்திருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முகத்தைப் பற்றி அப்படியெல்லாம் இல்லை. வீட்டில் கண்ணாடி இருந்தது. குரலைப் பற்றியும் இல்லை. சபைப் பாடகர் குழுவில் சேர்ந்த இரண்டாவது வாரமே என்னை நாற்காலி அடுக்கும் பணிக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் கால்கள் விஷயத்தில் என்னிடம் எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருந்தது.

அந்த ஆதாரம், பச்சை அட்டை போட்ட ஒரு டைரி. தேனி கடைவீதியில் எங்களுக்கு ஒரு பெயிண்ட் கடை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அப்பா எனக்கு விடுப்புக் கொடுப்பார். விடியற்காலை முதல் பஸ்ஸின் கூரையில் சைக்கிளைப் படுக்கப் போட்டுக் கட்டிவிட்டு, லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் என்று ஏதாவது ஓர் ஊரில் போய் இறங்குவேன். அங்கிருந்து மிதித்து வீடு வந்து சேருவேன். தெம்பு இருக்கும்போது தூரத்தில் இருக்க வேண்டும், களைக்கிற நேரத்தில் வீடு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. (அந்த வயதில் எனக்கு நிறையக் கொள்கைகள் இருந்தன.) முதல் போக நெல் நட்டு, பள்ளத்தாக்கே பச்சையாகக் கிடக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் பெரும்பாலும் போவேன்.

ஒவ்வொரு பாதைக்கும் டைரியில் ஆறு கட்டங்கள்: ஊர், கிலோமீட்டர், நேரம், நிழல், டீ, மனநிலை. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி வரும் பாதைக்கு, ‘மனநிலை’ கட்டத்தில் இப்படி இருக்கிறது: “பந்தலுக்குக் கீழே பச்சை வெளிச்சம். கனவில் சைக்கிள் ஓட்டுவது போல.” உத்தமபாளையம் தாண்டி வரும் சாலைக்கு: “மிதிப்பதே தெரியவில்லை. மலையிலிருந்து மேகம் இறங்கிக் கூடவே வருகிறது. தென்னை மரங்கள் எல்லாம் ஓலையை நீட்டி எனக்கு வீட்டுக்கு வழி காட்டுகின்றன.”

அத்தனை தென்னைகளும் ஏன் ஒரே பக்கமாக ஓலையை நீட்ட வேண்டும் என்று ஐந்து ஆண்டுகளில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. கம்பத்திலிருந்து தேனிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். டீ நேரமும் சேர்த்து ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் வந்திருக்கிறேன். கால்கள்! வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

2001-இல், எனக்கு இருபத்தேழு வயதானபோது, கம்பத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து முடிவானது. பெயர் ரூபி. பள்ளியில் கணக்கு ஆசிரியை. பெண் பார்த்த அன்று நான் பேசியது மூன்று வார்த்தை. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் காபி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கணம் சிரித்தாள். அன்று இரவு ‘மனநிலை’ கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று.

நிச்சயதார்த்தத்தை ஆடி மாதத்தில் வைத்தார்கள். ஊரில் மற்றவர்கள் ஆடியில் கல்யாண காரியம் எதுவும் வைக்க மாட்டார்கள். மண்டபம், சமையல்காரர், போட்டோக்காரர் எல்லாம் சும்மா கிடைக்கும். எங்கள் சபைக் குடும்பங்கள் அதனாலேயே ஆடியைக் குறிவைக்கும். அதே ஆடியில் கேரள மலை இடுக்கு வழியாக இன்னொரு விருந்தாளியும் வருவார் என்பதை நான் கவனிக்கவில்லை.

ரூபிக்கு அப்பா இல்லை. அண்ணன் சாமுவேல்தான் எல்லாம். அவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். எங்கள் வழக்கப்படி, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். சனிக்கிழமை நிச்சயம், மறுநாள் முதல் ஓலை, மூன்றாவது ஓலை முடிந்த புதன்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை சாமுவேலுக்கு விமானம். ஓர் ஓலை தவறினாலும் கல்யாணம் அவருடைய அடுத்த விடுப்புக்குப் போய்விடும். அதாவது இரண்டு வருடம். “எம் மகன் நிக்காம எம் மக கழுத்துல தாலி ஏறாது” என்று ரூபியின் அம்மா உறுதியாகச் சொல்லியிருந்தார். ஓலை மனுவில் பெண்ணின் அண்ணனும் மாப்பிள்ளையும் போதகர் முன்னால் கையெழுத்திட வேண்டும். போதகரோ நிச்சயத்தன்று பதினொன்றரை மணிக்கு மதுரைக்குக் கிளம்புகிறார், திங்கட்கிழமைதான் திரும்புவார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். டைரியில் குறித்தும் வைத்திருந்தேன்.

நிச்சயத்துக்கு முதல் நாள் சாயங்காலம், கம்பம் போகிற வழியில், சாமுவேல் மதுரையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். பஸ் கூரையில் ஒரு புத்தம்புது கியர் சைக்கிள்.

“மாப்ள, நீங்க பெரிய சைக்கிள் ஆளாமே? இங்கன இருந்து கம்பத்துக்கு எம்புட்டு நேரம்?”

டைரியைத் திறந்தேன். “ஒரு மணி அம்பத்திரண்டு நிமிசம், மச்சான்.”

“டீ?”

“டீயோட சேத்து.”

“ரெண்டு வருசமா மணலையே பாத்துக் கண்ணு காஞ்சுபோச்சு. வயலைப் பாத்துக்கிட்டே போவமா?”

அம்மா உள்ளேயிருந்து கத்தினார். “ஏலே, நாளைக்கு உனக்கு நிச்சயம்லே! எங்ககூட வேன்ல வந்தா என்னா?”

“வேன் எட்டு மணிக்குத்தாம்மா கெளம்பும். நாங்க ஏழு இருபத்திரண்டுக்கே அங்கன இருப்போம்.”

அன்று இரவு, டைரியில் கம்பத்திலிருந்து தேனிக்கு இருந்த அட்டவணையைக் கீழிருந்து மேலாகத் திருப்பி எழுதி, சாமுவேலுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். சாலை அதேதான், கால்கள் அதேதான். திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். வீரபாண்டி வரை உலகம் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. வயல்களில் தண்ணீர் வானத்தைப் படுக்கப் போட்டுவைத்திருந்தது. இடது பக்கம் மேகமலை, பாதி மேகத்துக்குள். முகத்தில் ஈரச்சாரல் தூவியது. “அடடா, சொர்க்கம் மாப்ள” என்றார் சாமுவேல். வீரபாண்டிக்கு 5.52 என்று எழுதியிருந்தேன், கடிகாரம் 6.20 காட்டியது. கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்று குறித்துக்கொண்டேன்.

சீலையம்பட்டி தாண்டியதும் மரங்கள் விலகின. எதிரே வெட்டவெளி. அங்கே அது எங்களுக்காகக் காத்திருந்தது.

காற்றை நேருக்கு நேர் முகத்தில் வாங்கிக்கொண்டு மிதிக்கும்போது காலம் மிக மெதுவாகிவிடுகிறது. நெற்பயிர் முழுதும் எங்களை நோக்கி அலை அலையாக ஓடிவந்தது. தென்னை ஓலைகள் தேனியைப் பார்த்துக் கை நீட்டின. ஒரு கொக்கு எங்களுக்கு இணையாக, கம்பத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். கொக்கு அதே புளிய மரத்துக்கு மேல் இருந்தது. நாங்களும் அதே புளிய மரத்துக்குக் கீழ் இருந்தோம். சாமுவேல் ஒவ்வொரு கியராகக் குறைத்து, கடைசிக்கு வந்துவிட்டார். கால்கள் தையல் மிஷினாகச் சுழன்றன. சைக்கிள் மட்டும் எங்கேயும் போகவில்லை.

எதிர்த் திசையில் ஒரு மனிதர் வந்தார். பின்னால் இரண்டு வாழைத்தார். கால்களைப் பெடலிலிருந்து எடுத்து மடக்கி வைத்திருந்தார். ஒரு கையில் பீடி. மிதிக்கவே இல்லை; காற்று அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது.

“எங்கன போறீக?”

“கம்பம்.”

“இன்னைக்கேவா?” என்று கேட்டுக்கொண்டே பறந்துபோனார்.

அந்த மனிதரின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் எங்கேயோ பார்த்திருந்தேன். சற்று யோசித்தபோது புரிந்தது. ஐந்து ஆண்டுகளாக என் டைரியில் இருந்த ‘மனநிலை’ அது. அந்த இடத்தில் என் கால்களின் புகழ் முடிவுக்கு வந்தது. (சாமுவேலிடம் சொல்லவில்லை. வருங்கால மச்சானிடம் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடக் கூடாது.)

சின்னமனூரைத் தாண்டியபோது மணி எட்டே முக்கால். பின்னால் எங்கள் வேன் வந்து நின்றது. ஜன்னல் முழுக்கப் பட்டுச்சேலைகள். அம்மா தலையை நீட்டினார்.

“ஏறுலே. சைக்கிளை மேல போடு.”

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் ஏறியிருப்பான். நான் சாமுவேலைப் பார்த்தேன். அவர் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருந்தோம்.

“பதினெட்டு கிலோமீட்டர்தாம்மா. நாப்பத்தெட்டு நிமிசம். இனிமே இறக்கந்தான்.”

“ஆமாமா, இறக்கந்தான்” என்றார் சாமுவேல், பரிதாபமாக.

வேன் போய்விட்டது. அந்தச் சாலையில் கம்பம் நோக்கி இறக்கமே கிடையாது. நான் இறங்கித்தான் வந்திருக்கிறேன். அதை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நினைத்துவிட்டேன்.

உத்தமபாளையம் சேர்ந்தபோது மணி 10.20. பஸ்ஸில் ஏற்றலாம் என்றால் கண்டக்டர் மறுத்துவிட்டார். “இந்தக் காத்துல கூரையில போட்டா, உங்க சைக்கிளு உங்களுக்கு முன்னாடி தேனிக்குப் போயிரும்.” புது சைக்கிளை விட்டுவிட்டு வர சாமுவேலுக்கு மனமில்லை. மிதித்தோம். பிறகு தள்ளினோம். அனுமந்தன்பட்டிக்கு அருகில் சாமுவேலின் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு சிறு பாலத்தின் மேல் மல்லாந்து படுத்துவிட்டார். மணி 11.35.

பக்கத்துத் தோப்பில் டெம்போவில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ராவுத்தர் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னா, எத்தனை நாளா இங்கன படுத்துக் கெடக்கீக?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “ஆடி மாசம் காத்துக்கு எதுக்க மிதிச்சு நிச்சயத்துக்கு வாரீகளா? பொண்ணு வீட்டுல இது தெரியுமா?”

போதகர் இந்நேரம் கிளம்பியிருப்பார். மறுநாள் ஓலை கிடையாது. இரண்டு வருடம். ரூபி திரும்பும்போது சிரித்த அந்தச் சிரிப்பை இரண்டு வருடம் யார் பத்திரமாக வைத்திருப்பார்கள்? பாலத்துக்குக் கீழே வாய்க்கால் தண்ணீர் தேனியை நோக்கி, யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நேரத்தைக் குறிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கம்பம் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து கிறீச்சிட்டு நின்றது. உள்ளே போதகர்.

“சாமுவேலு! உயிரோடதான் இருக்கியா?”

“இருக்கேன் ஐயா. காலு மட்டும் இல்ல.”

போதகர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஓலை மனு. அதில் ரூபியின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. “கெளம்பும்போது அந்தப் பிள்ளைதான் ஓடிவந்து பையில வச்சுச்சு. ‘காத்து வேகத்தை வச்சுப் பாத்தா அனுமந்தன்பட்டிக்கிட்ட கெடப்பாக. பாத்தாக் கையெழுத்து வாங்கிருங்க ஐயா’ன்னுச்சு.”

சாமுவேல் படுத்தபடியே கையெழுத்திட்டார். நான் அவருடைய வயிற்றின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டேன். போதகர் தாளின் நான்கு மூலைகளிலும் கை வைத்துப் பிடித்திருந்தார். (நான்கு கைகள்: இரண்டு அவருடையது, இரண்டு ஜீப் டிரைவருடையது.) சாட்சி வேண்டும். ராவுத்தர் தயங்கினார்.

“நான் பள்ளிவாசல் ஆளு. போடலாமா ஐயா?”

“உமக்குக் கண்ணு தெரியும்ல? பாத்தீருல? போடும்.”

போதகர் கைகளை உயர்த்தி எங்களுக்காக ஜெபித்தார். ஜெபம் முழுவதையும் காற்று தேனிப் பக்கம் கொண்டுபோய்விட்டது. ‘ஆமென்’ மட்டும் எங்களுக்குக் கேட்டது. பிறகு ஜீப்பும் ஜெபம் போன வழியிலேயே போய்விட்டது.

ராவுத்தரின் டெம்போவில் சாமுவேலையும் சைக்கிள்களையும் ஏற்றி, தேங்காய்க் குவியலின் மேல் உட்கார்ந்து, போதகர் கொடுத்துவிட்டுப் போன தாளைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு கம்பம் போய்ச் சேர்ந்தேன். பந்தி முடியப் போகிற நேரம். வாசலில் நின்ற ரூபி என் தலையைப் பார்த்தாள், சேறாகியிருந்த பேண்ட்டைப் பார்த்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

“பேப்பர்?”

கொடுத்தேன். ஒவ்வொரு கையெழுத்தாகச் சரிபார்த்தாள். பிறகு சொன்னாள்: “கை கழுவிட்டுச் சாப்பிடுங்க.”

மறுநாள் போதகருக்குப் பதிலாகச் சபை உபதேசியார் முதல் ஓலையை வாசித்தார். மூன்று ஓலையும் முடிந்து, புதன்கிழமை சாமுவேல் முன்னால் நிற்கக் கல்யாணம் நடந்தது. கல்யாணமான முதல் வாரம் ரூபி என் பச்சை டைரியை முழுதாகப் படித்தாள். ‘மனநிலை’க்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஏழாவதாக ஒரு கட்டம் போட்டு, மேலே ‘காத்து’ என்று எழுதினாள். பழைய பயணங்கள் அத்தனைக்கும் அவளே பூர்த்தி செய்தாள். எல்லாவற்றிலும் ஒரே விடை: “பின்னாடி.”

நிச்சயதார்த்தப் போட்டோதான் திரும்பக் கிடைக்கவில்லை. போட்டோக்காரர் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, “மாப்ளையை அப்பறம் ஒட்டிக்கலாம்” என்று எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுப் போயிருந்தார். கடைசிவரை யாரும் ஒட்டவில்லை. ஆல்பத்தின் பதினான்கு படங்களில் ரூபி மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வீட்டாரும் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். என் அம்மா மட்டும் வாசலைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ரூபிக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அதன் மேல் ஒரு மாலை.

எங்கள் மகள் நாலு வயதில் முதல் தடவை அந்த ஆல்பத்தைப் பார்த்தபோது நாற்காலியில் விரலை வைத்து, “அப்பா எங்கம்மா?” என்று கேட்டாள். ரூபி கீரை ஆய்வதை நிறுத்தாமல் சொன்ன பதிலைத்தான் இன்றுவரை, நான் எங்கே கிளம்பினாலும், வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்:

“வந்துக்கிட்டே இருக்காக.”