லேசருக்குப் போட்ட சாம்பிராணி

தென்காசி,
19-7-1986

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

குழல்வாய்மொழி நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். சாரலும் சுகமாகப் பெய்கிறது. உடுத்தத்தான் காய்ந்த புடவை இல்லை. பெங்களூரில் நீங்களும் பெரியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள்.

எங்கள் கல்லூரிக்குத் தானமாக வந்த பழைய லேசருக்காக, நீங்கள் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து வாங்கி அனுப்பிய மேனுவல் வந்து சேர்ந்தது. அட்டையில் இருப்பது எங்கள் லேசரேதான். உள்ளே இருப்பது முழுக்க ஜெர்மன். கம்பெனிக்கு நான் எழுதியதற்கு, அந்த மாடலை நிறுத்திப் பல வருஷமாயிற்று, அது இன்னும் உங்களிடம் இருப்பதில் மகிழ்ச்சி என்று பதில் போட்டு ஒரு காலண்டரும் அனுப்பினார்கள். காலண்டரைப் பிரின்சிபால் ராமசேஷன் சார் எடுத்துக்கொண்டார்.

இதற்குள் பௌதிக எம்.எஸ்ஸி. வகுப்புக்கு அனுமதி தரலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகக் குழு வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல். வகுப்பு வராவிட்டால் என் மாணவி சந்தனமாரிக்குக் கல்யாணம். "இங்கன இருந்து படிச்சா படிக்கட்டும். மதுரைக்கெல்லாம் அனுப்ப முடியாது" என்று அவள் அப்பா கீழப்பாவூரிலிருந்து வந்து என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். குழுவுக்குக் காட்ட வேண்டிய லேசரோ, ஸ்விட்சைப் போட்டால் முனகுகிறதே தவிர எரியவில்லை.

வியாழக்கிழமை சந்தனமாரி ஓடிவந்து, "மேடம், ஐந்தருவியில ஒரு ஜெர்மன்காரர் குளிக்க வந்திருக்காராம்" என்றாள். மேனுவலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். அந்த மனிதர் உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்கு வரிசையில் நிற்கிறார். இடம் போய்விடும் என்று விலகி வர மாட்டேன் என்றுவிட்டார், அதுவும் நியாயந்தானே, ஆகவே நாங்களும் குடையைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசையிலேயே அவரோடு நகர்ந்தோம்.

"ஏம்மா, இது ஆம்பளைங்க வரிசை" என்றார் போலீஸ்காரர்.

"தெரியும் சார். நாங்க பாடம் படிக்கோம்" என்றாள் சந்தனமாரி.

ஜெர்மன்காரருக்குத் தொழில் ரொட்டி சுடுவதாம். மின்சார விஷயங்களையெல்லாம் தள்ளிவிட்டு, ஒரு வரியை மட்டும் எண்ணெய் விரலால் தொட்டு, "ஈரம் இருந்தால் எரியாது. இதமான சூட்டில் உலர்த்த வேண்டும்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விட்டார். சூடு சம்பந்தப்பட்டது என்பதால் அவரை நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் கரி அடுப்பை வைத்தோம். குழு வாசலுக்கு வந்த நேரம், அறையில் ஈரவாடை அடிக்குது என்று ராமசேஷன் சார் அடுப்பில் ஒரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டுவிட்டார். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. நான் இருமிக்கொண்டே மூடியை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். பெரியப்பா, எரிந்துவிட்டது. சாதாரணமாகச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியும். அந்தப் புகையில் சுவருக்குச் சுவர் கம்பி இழுத்துக் கட்டினாற்போல் சிவப்பாக ஒரு கோடு நின்றது.

"கதிர் தெரியணும்னுதான் புகை போட்டீங்களா?" என்று குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா சார், அதுக்குன்னே போட்டது" என்றார் ராமசேஷன் சார்.

அனுமதி கிடைத்துவிட்டது. சந்தனமாரி அழுதாள், கேட்டால் புகை என்கிறாள்.

ஆகவே இனிமேல் நீங்கள் எனக்காகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். இந்த ஜன்மத்தில் இன்னொரு பழைய லேசரை நான் தொடுவதாக இல்லை. பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். தம்பி வீட்டுக் குழந்தைகளுக்கு அன்பு முத்தங்கள்.

உங்கள் ஆசியால் தப்பித்த,
குழல்வாய்மொழி

பி.கு.: இந்தக் கடிதம் பத்து நாள் என் கைப்பையிலேயே கிடந்துவிட்டது. பழைய லேசர்களைப் பழுதுபார்ப்பதில் எங்கள் கல்லூரி கைதேர்ந்தது என்று குழு ஊரெல்லாம் சொல்லிவிட்டதாம். இன்று ஆலங்குளம் பஸ்ஸில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. மேலே எழுதியதை வாசிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ரஷ்ய எழுத்து. மற்றதன் மேல் எழுத்தே இல்லை. தயவுசெய்து அதற்கு முதலில் மேனுவல் தேடுங்கள்.