ஊர் பேர் இல்லாத ரத்தம்

"தானம் கொடுத்தவர் பெயர்?" என்று ஐந்தாவது தடவையாகத் திரையில் கேட்டது கணினி.

ரத்த வங்கி டெக்னீஷியன் தலையைச் சொறிந்தார். கையில் இருந்தது செயற்கை ரத்தம், அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் பை. குரூப் கிடையாது, ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஏற்றினால் ஒரு நாள் உடம்பு பூராவும் ஆக்ஸிஜனைச் சுமந்து ஓடுமாம். கொடுத்தவரே இல்லாத ரத்தத்தை இருபது வருஷ சர்வீஸில் அவர் பார்த்ததில்லை. வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

ஆனால் பெயர் இல்லாமல் கணினி பையை விடாது. பதினோரு மணிக்கு ஆபரேஷன். நோயாளி அவருடைய மாமனார். அபூர்வமான குரூப், நிஜ ரத்தம் நாளைக்குத்தான் வரும்.

அவசரத்துக்குத் தன் பெயரையே அடித்து, லேபிளை ஒட்டி அனுப்பினார்.

பத்தே நிமிஷத்தில் நர்ஸ் ஃபோன் செய்தாள். "சார், லேபிளைப் படிச்சுட்டார். மாப்பிள்ளை ரத்தம்னா வேண்டவே வேண்டாங்கிறார்."

மகள் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, எட்டு வருஷமாக, மாப்பிள்ளை கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர்.  டெக்னீஷியன் மச்சினன் பெயரில் புது லேபிள் எடுத்து, மூன்று மாடி ஏறி, பழையதை உரித்து மேஜையில் போட்டுவிட்டுப் புதியதை ஒட்டினார். மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

கணினி சும்மா இருக்குமா? ரத்தம் கொடுத்ததற்கு மச்சினனுக்கு நன்றிச் செய்தி அனுப்பிவிட்டது. உடனே அவன் ஃபோன் செய்தான்.

"அத்தான், நான் எப்ப ரத்தம் குடுத்தேன்?"

"குடுத்ததா வெச்சுக்கோயேன்."

"எவ்வளவு எடுத்தீங்க? தலை சுத்துதே..."

டொப்பென்று ஒரு சத்தம். அடுத்து மனைவி ஃபோனில் வந்தாள்.

"என் தம்பி மயங்கிட்டான். தூங்குறப்போ எடுத்தீங்களா?"

பதில் சொல்வதற்குள் மறுபடி நர்ஸ். "சார், மகன் ரத்தமும் வேண்டாமாம். ஊசியைப் பார்த்தாலே ஓடுறவன் ரத்தம் ஏறினா, நானும் டேபிள்லேர்ந்து எழுந்து ஓடிடுவேங்கிறார்."

மணி பத்து ஐம்பது. டெக்னீஷியன் மூன்று மாடியையும் மறுபடி மூச்சு வாங்க ஏறிப் போய்க் கட்டிலருகே நின்றார்.

"மாமா, அது என் ரத்தமும் இல்ல, அவன் ரத்தமும் இல்ல. மனுஷ ரத்தமே இல்ல. பேர் போட்டதெல்லாம் பொய். ஏத்திக்குங்க மாமா. நீங்க பிழைச்சு வந்து இன்னும் பத்து வருஷம் என்னைத் திட்டணும்." 

மாமனார் அவர் பக்கம் திரும்பவில்லை. நர்ஸைப் பார்த்து மட்டும் தலையசைத்தார். ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்க் கதவு மூடியது.

"ஒருவழியா ஒத்துக்கிட்டார்" என்று டெக்னீஷியன் காலிக் கட்டிலருகே திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செயற்கை ரத்தம்னு டாக்டர் காலையிலேயே சொல்லி உங்க மாமனார் கையெழுத்தும் போட்டாச்சு சார், மாப்பிள்ளை தனக்காக எத்தனை தடவை மாடி ஏறுவார்னு பார்த்துக்கிட்டிருந்தார்" என்றாள் நர்ஸ், மாமனாரின் தலையணைக்கு அடியிலிருந்து டெக்னீஷியன் பெயர் போட்ட பழைய லேபிளை எடுத்துக் காட்டி.