குப்பண்ணன் முகம் தேய்த்துக்கொண்ட கதை

"நீங்க தேய்ச்சது மெஷினுங்களா, தேங்காய்த் துருவிங்களா?" என்று கேட்டான் குப்பண்ணன்.

கன்னம் இரண்டும் தோல் உரிந்து, நீர் வடிந்து, பார்க்கவே பயமாக இருந்தது. பொள்ளாச்சி டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆரம்பத்துல அப்படித்தாங்க இருக்கும். வெயில்ல மட்டும் போகாதீங்க."

குப்பண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேரள எல்லையில், எருத்தேன்பதிப் பக்கம் வீடு வீடாகப் போய் அம்மைத் தடுப்பூசி போடுகிற சர்க்கார் ஊழியன் அவன். வெயிலில் போகாமல் வேறெங்கே போவது?

சிறு வயதில் பெரியம்மை வந்து அவன் முகமெல்லாம் குழி. அந்த முகத்தைப் பார்த்து மூன்று பெண்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். நாலாவது இடம் கூடிவரும் போலிருந்தது. மோட்டாரில் சுழலும் பிரஷ்ஷால் மேல்தோலைச் சுரண்டினால் முகம் வழுவழுவென்று ஆகும் என்று இந்த டாக்டர் சொன்னதை நம்பிவிட்டான்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போனான். துண்டு புண்ணில் ஒட்டிக்கொண்டது. எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். கன்னம் கருத்தது. அந்தக் கருமையைப் போக்க ஒரு திரவம் கொடுத்தார். அதைப் பூசிய மறுநாள் நெற்றியிலிருந்து தாடை வரை கொப்புளம் கிளம்பிவிட்டது.

"ஏனுங்க, முன்னாடி இருந்த குழியே தேவலைங்களே! என்ர மூஞ்சி என்ன ஆஸ்பத்திரிச் செவுருங்களா, சுரண்டிச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கறதுக்கு?"

"உங்க ஒடம்பு வாகு அப்படி. வீட்டோட கெடங்க" என்று டாக்டர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை வாசலில் ஜீப் வந்து நின்றது. அவனுடைய மேலதிகாரி, மலையாளம் கலந்து பேசும் சுகாதார இன்ஸ்பெக்டர் பாஸ்கல், மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார்.

"அனங்காதே, அசையாம நில்லு! உனக்குப் பெரியம்மைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

"சார், எனக்குத்தான் அது சின்னதுலயே வந்துபோச்சுங்களே! ஒருக்கா வந்தா மறுக்கா வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறவனே நானுங்க!"

"சட்டம் சட்டமாக்கும். ரிசல்ட் வரட்டே."

கொப்புளத்து நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குப்பண்ணனின் பெட்டியிலிருந்த மருந்தையே எடுத்துத் தெரு முழுக்க ஊசி குத்தினார்கள். அவன் வெளியே வராமலிருக்க பிச்சைமணி என்ற காவல்காரனை வாசலில் போட்டார்கள். சேதி தெரிந்ததும் பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளையைப் பேசி முடித்துவிட்டார்கள்.

பெரியம்மை கண்டவரைப் பற்றித் தகவல் சொன்னால் சர்க்கார் சன்மானம் தந்த காலம் அது. குப்பண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. எதிர்வீட்டுச் செல்லாத்தாள்தான்! ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"ஏனுங்கக்கா, சன்மானத்துக்கு ஆசைப்பட்டு என்ர கல்யாணத்தைக் கெடுத்துப்போட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"ஆரு, நானா? உன்னால ஊசி குத்திக் கை வீங்கி, எருமையில பால் பீச்ச முடியாமக் கெடக்கறேன்! இன்னொரு வார்த்தை பேசுனே, கொப்புளமுன்னும் பாக்க மாட்டேன், அறைஞ்சு போடுவேன்!"

ஒருவழியாக முடிவு வந்தது. அம்மை இல்லை, மருந்து பட்டு வெந்த புண்.

"சொன்னவன் ஆருங்க சார்? பேரைச் சொல்லுங்க!" என்று துள்ளினான் குப்பண்ணன்.

"அது ரகசியமாக்கும்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார் பாஸ்கல்.

அவர் போகும்வரை காத்திருந்த பிச்சைமணி, பாயைச் சுருட்டிக்கொண்டே கிட்டத்தில் வந்தான்.

"நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க, ஜீப் டிரைவர் சொன்னதுங்க. ‘என் வைத்தியத்துல ஒரு குத்தமும் இல்ல, இது பெரியம்மையேதான்’னு பொள்ளாச்சியிலிருந்து ஒரு டாக்டர் வந்து எழுதிக் குடுத்தாருங்க. இப்போ சன்மானம் இல்லைன்னதும், நீங்க அவரை ஏமாத்திப்போட்டீங்கன்னு எங்க ஆபீஸ்ல நின்னு கத்திக்கிட்டு இருக்கறாருங்க!"