மூடியில் இருந்த குட்டி ஓட்டை

எது கசிந்தாலும் உடனே அடைக்க ஓடுகிற ஆண்களைப் பெண்கள் கலியாணம் கட்டக் கூடாது. என் மனைவி வசந்திக்கு இது பிந்தித்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் வாடகை வீடு. எனக்குப் புதிதாகப் பிடித்திருந்த பைத்தியம், வீட்டிலேயே பியர் செய்வது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பீப்பா. மூடியை இறுக்கினால் உள்ளே காஸ் சேர்ந்து பியர் நுரைக்க வேண்டும். என்னுடையது பால் விடாத ஆறின பிளேன்ரீ போலக் கிடந்தது. (வசந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் குடிச்சு வெறிக்கிறதெண்டால் ஒரு குளம் வேணும்" என்றாள்.)

மூடியில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தேன். ஓரமெல்லாம் குமிழி; காஸ் கசிகிறது. வாஷரை மாற்றி, ஒரு கோப்பை சீனியும் கூடக் கொட்டி இறுக்கினேன். இரண்டொரு நாளில் மூடியின் நடுவிலிருந்த குட்டி ஓட்டை 'புஸ்' என்றது. விடுவேனா? பசை போட்டு அடைத்தேன். (நான் எஞ்சினியர்!)

அந்தச் சனிக்கிழமை வசந்தியின் பெரிய மாமா வந்தார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போகிற வழி, பட்டு வேட்டி. கடும் சைவம். நான் குடிக்காதவன் என்று நம்பித்தான் கலியாணத்துக்குத் தலையாட்டியவர்.

தேத்தண்ணி குடிக்கும்போது படிக்குக் கீழே ஏதோ முனகியது.

"என்ன சத்தம் தம்பி?"

"பொயிலர், மாமா."

"அது வெடிக்கும் தம்பி! நில்லும், நான் பாக்கிறன்."

அவரை முந்திக்கொண்டு ஓடி மூடியைத் திருகினேன். அரைச் சுற்றுத்தான்.

மூடி என் காதை உரசிக்கொண்டு சீலிங்கில் போய் அடித்தது. பின்னாலேயே பியர். மாமா "ஐயோ" என்று வாயைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது.

சீலிங்கிலிருந்து நுரை சொட்டியது. மாமா முகத்தைத் துடைக்கவுமில்லை.

"தம்பி, உம்மட பொயிலருக்கு என்ன ஊத்துறனீர்?"

வசந்திதான் மெதுவாகச் சொன்னாள்: "கொஞ்சம் சீனி கூடிப்போச்சு, மாமா."

கூடின காஸ் தானாக வெளியேறத்தான் அந்த ஓட்டையாம். பீப்பா வந்த பெட்டியிலேயே எழுதியிருந்தது. மாமா கோயிலுக்குப் போகாமல், என் டிராக்சூட்டில், பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். ஒரு வருஷம் பேசவில்லை.

போன வருஷம் என் மகளின் கலியாணத்தில் காஸ் அடைத்த லெமனேட் போத்தல் ஒன்றைத் திறக்கக் கையில் எடுத்தேன். மேடையில் வாழ்த்திக்கொண்டிருந்த மாமா மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

"முன்வரிசையில இருக்கிற ஆக்கள் தயவுசெய்து பின்னுக்குப் போங்கோ. என்ர மருமோன் போத்தல் திறக்கப் போறார்."