மூன்றாம் நம்பர் கேமரா

"அங்கிள், தேதி மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஷ்ரேயஸ் டிவி ரிமோட்டைத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்திருந்தான். மோசஸ் வாய்க்குக் கொண்டுபோன பிளம் கேக் துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

மோசஸின் மான்மவுத் ஜங்ஷன் வீட்டில் அன்று ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. மகள் அபிகாயிலுக்கும் ஷ்ரேயஸுக்கும் நிச்சயதார்த்தம் நடக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. வருங்கால மாப்பிள்ளை வழக்கமாக மாமியாரின் மீன்குழம்பைப் புகழ்ந்துவிட்டு உட்காருவான். இன்று ஒரு செய்தியோடு வந்திருந்தான். பார்னி விட்லாக் ஷோவின் எபிசோடுகள் அத்தனையையும், பதினேழு வருடத்துச் சரக்கை, யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றிவிட்டாராம்.

"நீங்க வந்த எபிசோடும் அதுல இருக்கும் அங்கிள்!"

பார்னி விட்லாக் ஷோ மோசஸுக்கு வெறும் டிவி நிகழ்ச்சி அல்ல. தொண்ணூறாம் வருடம் நாகர்கோவிலிலிருந்து ஜெர்சி சிட்டிக்கு வந்து, நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கி, ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்த காலத்தில், அவருக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தவரே பார்னிதான். ஆரம்பத்தில் ஜோக் புரியாது. டிவிக்குள் இருக்கும் ஆடியன்ஸ் சிரிக்கும்போது இவரும் சிரித்து வைப்பார். ஆறு மாதத்தில் அவர்களுக்கு ஒரு நொடி முன்னாலேயே சிரிக்கத் தேறிவிட்டார். சினிமா நட்சத்திரங்கள் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தங்கள் வீட்டு நாய் செருப்பைக் கடித்த கதையைச் சொல்வார்கள். அதைக் கேட்க ஊரே விழித்திருக்கும். "இப்ப வர்றவனெல்லாம் ஷோவா பண்றான்? அரசியல் பேசறான், இல்லன்னா பாட்டுப் பாடறான்" என்பது மோசஸின் நிரந்தரத் தீர்ப்பு.

அந்த ஷோவின் ஆடியன்ஸில் தான் ஒருமுறை உட்கார்ந்ததாக முப்பத்தைந்து வருடமாக அவர் சொல்லி வருகிறார். பார்னி இவரைக் கையைக் காட்டி எழுப்பி, எந்த ஊர் என்று கேட்டார். இவர் "நாகர்கோவில்" என்றார். "அது ஊரா, இருமல் மருந்தா?" என்று பார்னி திருப்பிக் கேட்க, அரங்கமே அதிர்ந்தது. அன்றைய விருந்தாளியான நடிகை லொரெய்ன் பாஸ்வெல் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். முதல் பத்து வருடம் லொரெய்ன் கை குலுக்கியதோடு கதை நின்றது. பிறகு தோளில் தட்டினார். சமீப காலமாகக் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் மோசஸ் போனார். நியூயார்க்கில் கொட்டும் பனியில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார். இவருக்கு முன்னால் நின்றவரோடு ஹால் நிரம்பிவிட்டது. அறைக்குத் திரும்பியபோது நண்பர்கள் "எப்படிடா இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்டார்கள். விறைத்துப்போன வாய் "சூப்பர்" என்றது. மற்றதெல்லாம் அந்த ஒரு வார்த்தை போட்ட குட்டிகள்.

"தேதியெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு?" என்றார் மோசஸ்.

"எனக்கு இருக்கு" என்றாள் மனைவி ஜெயலீலா. "மார்ச் பதினாலு, தொண்ணூத்தொண்ணு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி இவர் எனக்கு எழுதின முதல் லெட்டர்ல இருக்கு. எங்க வீட்ல எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டாங்க. எங்கப்பா அன்னிக்குத்தான், 'பையன் பெரிய ஆளா வருவான்'னு சொன்னாரு."

ஷ்ரேயஸ் மார்ச் பதினாலைக் கண்டுபிடித்து ஓடவிட்டான். விருந்தாளியாக வந்திருந்தது ஒரு குத்துச்சண்டை வீரரும் ஒரு கிளியும். லொரெய்ன் பாஸ்வெல்லைக் காணோம். மோசஸையும் காணோம்.

"அன்னிக்கு எடுத்ததை வேற நாள்ல போட்டிருப்பான்" என்றார் மோசஸ் அவசரமாக. சமாளித்துவிட்டதாகவே நினைத்தார்.

"கரெக்ட் அங்கிள்! அப்ப மார்ச், ஏப்ரல் முழுக்கப் பாத்துடறேன்."

பார்த்தும்விட்டான். நான்கே நாளில், வேலைக்கும் போய்க்கொண்டே, நாற்பது எபிசோடுகளைப் பார்த்து முடித்தான். வியாழக்கிழமை மாலை போன் வந்தது.

"லொரெய்ன் வந்த எபிசோடு கிடைச்சிடுச்சு அங்கிள். ஆனா உங்க சீன் இல்ல."

மோசஸ் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "அது வந்து... விளம்பர பிரேக்ல நடந்தது தம்பி. கேமரா ஓடலை."

"ஓ! டிவில வராத சம்பவமா? அப்ப இது இன்னும் பெரிய விஷயம் அங்கிள்!" ஷ்ரேயஸின் குரல் துள்ளியது. "நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"ஒரு ஓரமா. கேமரா மறைச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் நான் எதுலயும் தெரியல."

"எந்தக் கேமரா?"

"மூணாவது" என்றார் மோசஸ். கேமராக்கள் எத்தனை இருந்தன என்பதே அவருக்குத் தெரியாது.

அத்தோடு போனை வைத்துவிட்டு, கராஜில் இருந்த பழைய நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் யாரும் தோண்ட முடியாது. எந்தக் கேமராவிலும் பதியாத ஒன்றை எவன் பொய் என்று நிரூபிக்க முடியும்?

சனிக்கிழமை அபிகாயில் வந்து சோபாவில் தொப்பென்று விழுந்தாள். "டாடி, யூ வோண்ட் பிலீவ் திஸ். ஷ்ரேயஸ் ஒரு கேமராமேனைக் கண்டுபிடிச்சிட்டான்."

ஷ்ரேயஸ் கதையை ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறான். அதில் அஞ்சனா என்ற பெண் பதில் போட்டிருக்கிறாள். ஜெர்சி சிட்டியில் அவள் குடியிருக்கும் பில்டிங்கில் ஞானேஸ்வரன் என்று ஒரு பெரியவர், யாழ்ப்பாணத்துக்காரர், இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. பார்னி விட்லாக் ஷோவில் ஆறு வருடம் கேமராமேனாக இருந்தவர் என்று பில்டிங் முழுக்கத் தெரியும்.

"அதுவும் எந்தக் கேமரா தெரியுமா? நம்பர் த்ரீ! நிச்சயதார்த்தத்துக்கு அவரையும் இன்வைட் பண்ணியாச்சு."

மோசஸுக்கு முதலில் சம்பந்தியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஷ்ரேயஸின் அப்பா கோபாலசாமி டெக்சஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவர். மதம் வேறு என்பதால் இரண்டு மாதம் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார். சம்மதித்தபோது அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: "பொண்ணோட அப்பா நேர்மையான மனுஷனாத் தெரியறார்."

அஞ்சனாவிடம் நம்பர் வாங்கி மோசஸே போன் போட்டார்.

"ஐயா, வணக்கம். நான் மோசஸ் பேசறேன். நீங்க பெரியவங்க, இவ்ளோ தூரம் வந்து சிரமப்பட வேணாம்னு..."

மறுமுனை சட்டென்று குறுக்கிட்டது. "ஆர் சிரமம் எண்டு சொன்னது?"

"அதில்லைங்க ஐயா. ஆயிரக்கணக்குல ஆடியன்ஸ் வந்திருப்பாங்க. என்னைய உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது? இங்க வந்து எல்லார் முன்னாடியும் தெரியாதுன்னு சொல்றது உங்களுக்கும் சங்கடம்தானே..."

"எனக்கு ஞாபகம் இல்லையெண்டு நீங்கள் எப்பிடிச் சொல்லுவியள்?" குரல் உயர்ந்தது. "ஆறு வருசம் அந்தக் கமராவோட நிண்டனான். ஏன், ஆராவது என்னைப் பற்றி ஏதும் கதைச்சவையோ?"

"ஐயையோ, இல்லைங்க ஐயா!"

"அப்ப நான் கட்டாயம் வாறன்."

வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவரை ரோஷம் ஏற்றி வரவழைத்த திருப்தியோடு மோசஸ் போனை வைத்தார்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில், ஜெயலீலா பட்டுப் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தபோது மோசஸ் துணிந்து பக்கத்தில் போனார்.

"லீலா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். முப்பத்தஞ்சு வருஷமா சொல்லாதது."

"அந்த சேஃப்டி பின்னை எடுத்துக் குடுத்துட்டு சொல்லுங்க. அய்யோ, முதல்ல இதைப் பாருங்க." கட்டில்மேல் இருந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். நாகர்கோவிலுக்கு அவர் எழுதிய அந்தக் கடிதம். லேமினேட் செய்திருந்தாள். "ஹால் வாசல்ல வைக்கப் போறேன். ம், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. புடவை நல்லாருக்கு."

ஹாலுக்குள் நுழைந்ததும் மோசஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். ஷ்ரேயஸ் ஓர் ஆச்சரியம் ஏற்பாடு செய்திருந்தான். மேடையில் ஒரு மேசை, மேசையில் ஒரு காபிக் கோப்பை, பக்கத்தில் பழுப்பு சோபா, பின்னால் இரவு நேர நகரத்தின் படம். பார்னி விட்லாக் ஷோவின் அதே செட். மதியம் பன்னிரண்டரைக்கு, நூற்றிருபது விருந்தினர் முன்னால், அது ஜொலித்தது.

ஜெபமும் மோதிரமும் முடிந்ததும் ஷ்ரேயஸ் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தான். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், நம்ம முதல் கெஸ்ட், என் மாமனார்!"

கைதட்டல். மோசஸ் சோபாவில் உட்கார்ந்தார். எத்தனை நட்சத்திரங்கள் இப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்! கால்மேல் கால் போட முயன்றார். கால் வரவில்லை.

"ரெண்டாவது கெஸ்ட், மூணாம் நம்பர் கேமராவுக்குப் பின்னாடி நின்ன லெஜண்ட், ஞானேஸ்வரன் அங்கிள்!"

மகள் நிருஜா கைத்தாங்கலாக மேடைவரை கொண்டுவந்து விட, வெள்ளைத் தலையும் கறுப்பு கோட்டுமாக நெடிய உருவம் ஒன்று ஏறி வந்து மோசஸின் பக்கத்தில் அமர்ந்தது. சிரிக்கவில்லை. மோசஸை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. தப்பு செய்தவனை அடையாளம் காட்ட வந்த சாட்சியின் பார்வை அது என்று மோசஸுக்குப் பட்டது.

முன்வரிசையில் கோபாலசாமி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ப்ரியம்வதா வீடியோ எடுத்தார். ஜெயலீலாவின் முகத்தில் முப்பத்தைந்து வருடத்துப் பெருமை.

அந்த முகத்தைப் பார்த்ததும் மோசஸுக்குள் எதுவோ அறுந்தது. இந்தக் கிழவர் சொல்லிக் கேவலப்படுவதைவிட, தானே சொல்லிவிடுவது மேல். எழுந்து நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். அந்த ஷோவைப் பத்தி, இன்னிக்கு இந்த மேடையில நான் ஒரு உண்மையைச் சொல்லியே ஆகணும்..."

ஒரு எலும்புக் கை அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்தது. மோசஸ் சோபாவில் விழுந்தார்.

"பொறுங்கோ தம்பி. நான் சொல்லுறன்." ஞானேஸ்வரன் மைக்கை வாங்கினார். அவர் கை நடுங்கியது. வயது. "இந்தப் பிள்ளையை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

ஹாலில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். மோசஸும்தான்.

"என்ரை கமராவுக்குப் பக்கத்திலதான் இருந்தவர். அப்ப புதுசா வந்த எங்கட ஆக்களெல்லாரையும் போல, அளவில்லாத ஒரு பெரிய கோட்டுப் போட்டிருந்தவர். பார்னி எழுப்பிக் கேட்டார். இவர் ஊரின்ரை பேரைச் சொன்னார். அந்த இருமல் மருந்துப் பகிடிக்கு நான் சிரிச்ச சிரிப்பில கமராவே ஆடிப்போச்சுது!"

அரங்கமே அதிர்ந்தது. இந்த முறை நிஜமாக.

மோசஸ் அவரைத் திரும்பிப் பார்த்தார். அன்று வரிசையில் மோசஸ் போட்டிருந்தது அறை நண்பனின் கோட்டு. நிஜமாகவே அளவு பெரியது. இந்தப் பெரியவருக்கு எப்படித் தெரியும்? ஒரு கணம், தான் உள்ளே போயிருப்போமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

கோபாலசாமி கையைத் தூக்கினார். பரிசோதனை செய்தவருக்குக் கேள்வி இல்லாமல் இருக்குமா? "அந்த ஸ்டூடியோ உள்ள எப்படி இருந்தது? பெரிசா, சின்னதா?"

மோசஸ் ஞானேஸ்வரனைப் பார்த்தார். ஞானேஸ்வரன் மோசஸைப் பார்த்தார். பெரியவர் தனக்கு மரியாதை கொடுத்து வழிவிடுகிறார் என்று மோசஸுக்குத் தோன்றியது. இவ்வளவு செய்த மனிதருக்குத் தன்னால் முடிந்ததைச் செய்ய வேண்டாமா?

"டிவில பாக்கறதை விட ரொம்பச் சின்னது" என்றார் மோசஸ்.

"ஓம் ஓம், சரியாச் சின்னன்" என்றார் ஞானேஸ்வரன் உடனே.

"ஆனா ஐயா அங்க நின்ன கம்பீரம் இருக்கே! காதுல ஹெட்போனு, கையில கேமரா. ஜோக் முடிஞ்சதும் என்னைப் பாத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரு. இன்னிக்கும் கண்ணுலயே நிக்குது."

பெரியவரின் கண்கள் கலங்கின. கோபாலசாமி எழுந்து நின்று கைதட்டினார். அபிகாயில், "டாடி, யூ ஆர் சச் எ ஸ்டார்" என்று கட்டிக்கொண்டாள். பிரியாணி பரிமாறும் நேரத்துக்குள் லொரெய்ன் பாஸ்வெல் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்திருந்தார்.

விருந்து முடிந்து, பார்க்கிங்கில் ஞானேஸ்வரனைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அவர் மோசஸின் கையை நெடுநேரம் விடவில்லை. கார்க் கதவு சாத்தப்பட்டதும், பிரியாணிப் பொட்டலங்களை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்த நிருஜாவிடம் மோசஸ் போனார். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

"அம்மா, உங்கப்பா மனுஷனே இல்ல, தெய்வம். இன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்திட்டாரு. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

நிருஜா டிக்கியை மெதுவாக மூடிவிட்டு, முன்சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயோ அங்கிள், நன்றி நாங்களெல்லோ சொல்லவேணும், 'அந்த மோசஸ் நிசமா உள்ளுக்குப் போன ஆள், ஒரு கேள்வியில என்னைப் பிடிச்சுப்போடுவார்' எண்டு வழி முழுக்க நடுங்கிக்கொண்டு வந்தவர் — அப்பா அந்த ஸ்டூடியோவை டிவியில மட்டும்தான் பாத்தவர்."