ஆத்தா கொடுத்த ஆபரேட்டிங் சிஸ்டம்

நான் நாலாவது வரைதான் படித்தவன். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நாலாவது படித்தே இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே, பத்தாவது படித்திருந்தால் எங்கே போயிருப்பான் என்று நீங்கள் யோசிக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். எஸ்டேட்டில் காபி மூட்டை சுமந்தவன் நான். இன்று ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் சொந்தமாகக் கடையும் குடோனும் வைத்திருக்கிறேன். காபிக்கொட்டையைக் கையில் அள்ளினால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மிஷின் வேறு மாதிரி காட்டினால், மிஷினை ரிப்பேருக்குக் கொடுக்கச் சொல்வேன்.

இப்படிப்பட்டவனை ஒரு லேப்டாப் ஊர் சிரிக்க வைத்தது.

குடோனுக்கு முன்னால் இருக்கும் அறைதான் எங்கள் ஆபீஸ். பதினாறு வருஷமாக அங்கே ரைட்டர் வேலை பார்ப்பவர் ஜெயமேரி. பில், வரி, கடிதம் எல்லாம் அவர் கையில். அவருடைய பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தால், பாரம் ஏற்றிய ஜீப் கொண்டை ஊசி வளைவில் முக்குவது போல ஒரு சத்தம் வரும். போன வருஷம் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பல ஊர்களில் ஓட்டல் வைத்திருப்பவர். எங்கள் காபியைக் குடித்துவிட்டு, ஒரு வருஷ சப்ளைக்கு டெண்டர் விடப்போவதாகவும் நானும் கலந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். அது கிடைத்தால் குடோனில் கொட்டை பொறுக்கும் எட்டுப் பெண்களுக்கும் வருஷம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் சீசன் முடிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அவ்வளவு பெரிய விஷயம். ஆனால் அவர் போகும்போது அந்தக் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதுதான் எனக்குள் தைத்தது. மறுநாளே சேலத்துக்கு இறங்கினேன்.

கடைக்காரர் ஒரு வெறும் லேப்டாப்பை எடுத்து வைத்து, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடட்டும் என்று கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. (ஏசி கடை வேறு.) வண்டிக்கு டிரைவர் மாதிரி லேப்டாப்பை ஓட்டுவது அதுதான் என்று விளக்கினார். விண்டோஸ் என்றால் காசு. லினக்ஸ் என்றால் இலவசம். மேக் வேண்டுமென்றால் அது அதனுடைய லேப்டாப்போடுதான் வரும், அந்த விலைக்குப் பழைய ஜீப் ஒன்று வாங்கலாம். எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று மலையேறி வந்துவிட்டேன்.

ஜெயமேரியிடம் விஷயத்தைச் சொன்னதும் ஒரு நொடிகூட அவர் யோசிக்கவில்லை.

"விண்டோஸே போட்டுருங்கய்யா. நம்ம பில்லு சாப்ட்வேரு, டெண்டருக்குக் கையெழுத்துப் போடற பென்டிரைவு, எல்லாம் அதுலதானுங்க ஓடுது."

(இந்தக் காலத்தில் டெண்டருக்குப் பேனாவில் கையெழுத்து கிடையாது. பென்டிரைவ் மாதிரி ஒன்றைச் சொருகித்தான் போட வேண்டும்.)

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் ரைட்டர் சொன்னதை அப்படியே கேட்டுவிட்டால் அப்புறம் நான் எதற்கு முதலாளி?

எங்கள் பக்கம் பெரிய காரியம் என்றால் அம்மன் கோயிலில் பூ கேட்பார்கள். வெவ்வேறு நிறப் பூக்களைத் தனித்தனியாக இலையில் மடித்து ஆத்தா காலடியில் வைத்துக் கலைத்துவிடுவார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் வாக்கு. நான் என் மனைவி சின்னப்பொண்ணுவைக் கூட்டிக்கொண்டு வாழவந்திப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போனேன். பூசாரி வெள்ளையன் எனக்குப் பங்காளி முறை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க பங்காளி, கெணறு எங்க வெட்டலாம்னு கேட்டா ஆத்தா சொல்லுவா. இந்த எழவையெல்லாம் அவ எங்க கண்டா?"

"லோகத்தையே ஓட்டறவளுக்கு ஒரு லேப்டாப்பு ஓட்டத் தெரியாதுங்களா? பூவ மடிங்க" என்றேன்.

விண்டோஸுக்கு வெள்ளை நந்தியாவட்டை. மேக்குக்குச் சிவப்பு அரளி. இலவசமாகக் கிடைப்பதைவிட மங்களகரமானது உலகத்தில் உண்டா? அதனால் லினக்ஸுக்கு மஞ்சள், நல்ல கொழுத்த செண்டுமல்லி. சின்னப்பொண்ணு கண்ணை மூடி எடுத்தாள். பிரித்தால் செண்டுமல்லி.

லேப்டாப் லினக்ஸோடு வந்து இறங்கியது. மூடியில் சந்தனம், குங்குமம் வைத்தேன். இது ஆத்தாவே தேர்ந்தெடுத்த சிஸ்டம் என்று ஒண்டிக்கடை முழுக்கச் சொன்னேன். டீக்கடையில் இரண்டு தடவை சொன்னேன். ஜெயமேரி மட்டும் வாயைத் திறந்து, டெண்டர் வருதுங்களே என்றார்.

"ஆத்தாளவிட உனக்குத் தெரியுமா ரைட்டரம்மா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பழைய கம்ப்யூட்டரைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக எடுத்துப் போ என்றேன், ஏதோ எஸ்டேட்டை எழுதிக் கொடுப்பவன் மாதிரி.

லினக்ஸ் மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அது பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடியது. எங்களிடம் இருந்த சாமான்கள்தான் அதோடு சேரவில்லை. பில்லையெல்லாம் ஜெயமேரி கையால் எழுதினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

டெண்டருக்குக் கடைசி நாள் வந்தது. மூன்று மணிக்குள் போட வேண்டும். காலையில் கையெழுத்துப் பென்டிரைவைச் சொருகினால், லேப்டாப் அதை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தது. ஒண்டிக்கடையில் செல்போன் கடை வைத்திருப்பவர் வந்து பார்த்துவிட்டு, சரியென்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் விண்டோஸ் ஏற்றித் தருவதாகச் சொன்னார். வேறு எவனாக இருந்தாலும் அவர் காலில் விழுந்திருப்பான். நானோ ஊரெல்லாம் தண்டோரா போட்டவன். ஆத்தா கொடுத்ததை ஆத்தாவைக் கேட்காமல் மாற்றினால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? சின்னப்பொண்ணுவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு விரட்டினேன். பனிமூட்டம் வேறு. லைட்டைப் போட்டாலும் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை.

மறுபடி பூ மடித்தார்கள். செண்டுமல்லி. எதற்கும் இன்னொரு தடவை என்றேன். செண்டுமல்லி. ஆத்தாவிடம் நிலைமையை விளக்கிச் சொன்னேன், டெண்டர், மூணு மணி, எட்டுப் பெண்கள் எல்லாவற்றையும். மூன்றாவது தடவையும் செண்டுமல்லிதான்.

"போதுமுங்க பங்காளி. அவளுக்கும் வேற சோலி இருக்குமில்ல" என்று வெள்ளையன் நடையைச் சாத்திவிட்டார்.

திரும்பும்போது பாதி வழியில் சின்னப்பொண்ணு மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா வையமாட்டீங்களே?"

"சொல்லு."

"கண்ண மூடிட்டா எத எடுக்கறதுன்னு நொம்பக் கொழப்பமுங்க. அதனால கைக்கு எது பெருசாப் பட்டுச்சோ அதத்தான் எடுத்தேன்."

ஜீப்பை ஓரமாக நிறுத்தினேன். நந்தியாவட்டை ஒரு விரல்கடை. அரளி அதற்கும் இளைப்பு. செண்டுமல்லிப் பொட்டலம் மட்டும் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்திருக்கும். நான்கு தடவையும் என்னிடம் பேசியது ஆத்தா இல்லை, என் பெண்டாட்டியின் உள்ளங்கை.

கடைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். எட்டுப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். நான் பொய் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன பொய் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அதற்குள் ஜெயமேரி உள்ளேயிருந்து வந்தார்.

"டெண்டரு போட்டாச்சுங்கய்யா. ரசீதும் வந்துருச்சு."

"எதுல போட்ட?"

"ஊட்டுல இருக்கற பழைய கம்ப்யூட்டர்லதானுங்க. நீங்க ஆத்தாகிட்டப் புது லேப்டாப்புக்குத்தானே கேட்டீங்க? பழசப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலீங்களே."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த வாட்டி பூ கேக்கறப்ப என்னையும் ஒரு பொட்டலமா மடிச்சு வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு கிளியூர் அருவி வரை கேட்டிருக்கும்.

டெண்டர் எங்களுக்கே கிடைத்தது. இப்போது லேப்டாப்பில் விண்டோஸ். ஆபீஸுக்கு ஒரு ஸ்டேப்ளர் வாங்குவதென்றாலும் ஜெயமேரியிடம் கேட்டுத்தான் வாங்குகிறேன்.

அத்தோடு விட்டிருந்தால் சனங்கள் மறந்திருப்பார்கள். ஆடி மாதம் கோயிலுக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவு முழுக்க என்னுடையது என்று நான் எழுந்து நின்று அறிவித்தேன். திருவிழா அன்று போய்ப் பார்த்தால், நுழைந்ததுமே கண்ணில் படும் சுவரில் வெள்ளையன் பெயிண்டரை விட்டு எழுதி வைத்திருக்கிறார்:

"கல்யாணம், கிணறு, வீடு தவிர வேறு எதற்கும் பூ கேட்கக் கூடாது. பூக்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். உபயம்: பொன்னுசாமி, காபி வியாபாரி, ஒண்டிக்கடை."

படிக்கிறவர்கள் எல்லோரும் காரணம் கேட்கிறார்கள். வெள்ளையனும் சளைக்காமல் சொல்கிறார். என் மனைவி அழித்துவிடச் சொல்கிறாள். நானும் ஒரு நாள் அதற்கென்றே போனேன். ஆனால் அந்தப் பெயிண்டர் என் பெயரை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான் தெரியுமா?